கிரேல்ஸைத் தின்றவர்கள்

அல்கோத் பிறர் சொன்னதை அப்படியே நம்பியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. பனி கெட்டிப்பட்டுவிட்டது, ஏரிமேல் லாரியை ஓட்டலாம் என்று மேஸ்திரி சொன்னான். மரம் ஏற்றிய அந்த லாரி இன்னும் ஏரிக்குள்தான் கிடக்கிறது. அன்றிலிருந்து கண்ணால் பார்க்காததை அவர் ஒத்துக்கொள்வதில்லை. வானொலியில் பனி பெய்கிறது என்றால் சன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். கையில் பனி விழுந்தாலும், கூரையிலிருந்து சரிந்ததாக இருக்குமோ என்று மேலே ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் இல்லாத பூதத்தோடு சண்டை போடுகிற விளையாட்டில் எப்படிச் சேர்ந்தார்? பட்டாணி சூப்புக்காகத்தான். வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டென்மிர் ஊர் மன்றத்தின் கீழ்த்தளத்தில் குன்வோர் சூப் வைப்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவள். அல்கோத் ஒரு வியாழன் சூப்பைக் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்தபோது அவள் விடவில்லை.

"உக்காருப்பா. வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்கா? ஒரு பகடை உருட்டிட்டுப் போ."

உருட்டினார். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. விளையாட்டு இதுதான்: குன்வோர் கதை சொல்லுவாள். ஆற்றுக்கு மேலே பாலம், பாலத்தில் பூதம் என்பாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, நான் இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்பார்கள். கோடாலி பட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். பெட்ரோல் பங்க் நடத்துகிற சிக்ஸ்டன் மந்திரவாதி. அல்கோத், கிரேல்ஸ் என்கிற படகோட்டி. கிரேல்ஸுக்குக் கோடாலி உண்டு, ஈரத் தாடி உண்டு, பெண்டாட்டி கிடையாது. பல குளிர்காலம் சாகாமல் தப்பித்தவன்.

அல்கோத் தனியாள். வியாழக்கிழமையை எடுத்துவிட்டால் வாரத்தில் அவர் பேசுவதற்கு மிச்சமிருப்பது குப்பை லாரிக்காரன் ஒருவன்தான். அவனும் எஞ்சினை அணைப்பதில்லை.

ஆரம்பத்தில் தகராறு வந்தது. "பூதம் இருபது அடி தள்ளி நிக்குது" என்றாள் குன்வோர். சிக்ஸ்டன் ஏதோ மந்திரம் போட்டான், பலிக்கவில்லை. உடனே அவள், "பூதம் உன் மண்டைல போட்டுச்சு, அல்கோத்" என்றாள்.

"எப்படிப் போடும்? இப்பத்தான இருபது அடின்னே?"

"நடந்து வந்துச்சு."

"எப்ப? நான் இங்கதான உக்காந்திருக்கேன், பாக்கலியே."

"கதைல வந்துச்சுப்பா."

"அப்ப கதைல சொல்லியிருக்கணும். சொல்லாம வந்து அடிக்கிறதுக்குப் பேரு கதை இல்ல, வழிப்பறி."

சூப் ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அல்கோத் மேஜையிலிருந்த கடுகு விழுது அடைத்த குழாயை எடுத்து நட்டுவைத்தார். "இது பூதம்." பாலாடைக்கட்டி சீவுகிற கரண்டியைக் குறுக்கே போட்டார். "இது பாலம்." கிண்ணத்திலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கரண்டியின் ஓரத்தில் வைத்தார். "இது நான். இப்ப சொல்லு, யாரு யாரை அடிக்கிறான்?"

அதோடு சண்டை தீர்ந்தது. பட்டணத்துச் சங்கங்களில் விரல் உயர ஈயப் பொம்மைகளை வாளும் கேடயமுமாக வாங்கி, ஒற்றை முடித் தூரிகையால் புருவம்கூட வரைந்து வைத்து விளையாடுகிறார்கள் என்று சிக்ஸ்டன் சொன்னான். அல்கோத் நம்பவில்லை. பூதத்துக்கு யார் புருவம் பார்க்கப் போகிறார்கள்?

இந்த நிம்மதி கூட்டமைப்பின் கண்ணை உறுத்திவிட்டது. வடபகுதி விளையாட்டுக் கற்பனைக் கூட்டமைப்பு என்பது அதன் பெயர். கீழ்த்தளத்து அறை இலவசமாகக் கிடைப்பது அதன் அங்கீகாரத்தால்தான். அங்கீகாரம் போனால் அறை போகும், அடுப்பு போகும், வியாழக்கிழமை போகும். அதனால் கூட்டமைப்பிலிருந்து கடுதாசி வந்தால் குன்வோர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று வாசிப்பாள்.

முதல் கடுதாசி இப்படிச் சொன்னது: பொம்மை வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. ஆகையால் இனிமேல் சண்டையின்போது மேஜைமேல் எந்தப் பொருளும் எதற்குப் பதிலாகவும் நிற்கக்கூடாது. போர் மனத்தில் நடக்க வேண்டும். மனம் எல்லோருக்கும் இலவசமாக வழங்கப்பட்டிருக்கிறது.

"இவருக்கு இன்னும் வந்து சேரலியே" என்று சிக்ஸ்டன் அல்கோத்தைப் பார்த்தான்.

"உனக்கு வந்ததத்தான் பாத்தேனே. காலி டப்பா."

பொருள் இல்லாமல் விளையாடியதும் ஒவ்வொரு சங்கத்திலும் அடிதடி. ஆளுக்கொரு இடத்தில் பூதம் நின்றது. உடனே இரண்டாவது கடுதாசி வந்தது. இனி ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எல்லோரும் ஒரே மாதிரிதான் கற்பனை செய்திருக்கிறார்களா என்று வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும். இதற்குப் பொதுக் கற்பனை என்று பெயர். பொதுக் கற்பனையை ஒருவர் எழுத, இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அறையில் இருந்ததே மூன்று பேர். பூதம் கதாயுதத்தை வைத்திருப்பது வலது கையிலா இடது கையிலா என்று வாக்கெடுத்தார்கள். வலது என்றாள் குன்வோர். இடது என்றான் சிக்ஸ்டன். தனக்குப் பூதமே தெரியவில்லை என்றார் அல்கோத். வாக்கு சமமானதால் விஷயம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. அந்த ஒரு வாரமும் பூதம் கையில்லாமல் பாலத்தில் நின்றது.

மூன்றாவது கடுதாசி விரல் நீட்டுவதைத் தடை செய்தது. சுட்டுகிற விரல் பொம்மைக்குச் சமம் என்று அறிஞர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கப்புறம் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் காப்பியைத் தடை செய்ய அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த நாட்டில் அரசாங்கம் கவிழலாம், காப்பி கவிழாது. காப்பி இருந்தால் சர்க்கரை இருக்கும். ரொட்டி இருந்தால் பாலாடைக்கட்டி இருக்கும், அதைச் சீவக் கரண்டி இருக்கும். சூப்புக்குக் கடுகு வேண்டும். ஆகவே போர் சத்தமில்லாமல் காப்பிச் சாமான்களுக்குள் குடியேறியது. கரண்டி தற்செயலாகக் குறுக்கே கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு சர்க்கரைக் கட்டி தற்செயலாக இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஃபாபியன் வந்தார். கூட்டமைப்பின் கற்பனை வழிகாட்டி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பச்சைக் காலுறையோடு உள்ளே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"பயப்படாதீங்க. குலுக்கல்ல உங்க சங்கம் பேரு விழுந்துச்சு, அவ்வளவுதான்."

அல்கோத் பகடையை நம்புவார், அது கண்முன்னால் உருள்கிறது. எங்கேயோ ஒரு அறையில் குலுக்கினதாகச் சொல்லும் குலுக்கலை எப்படி நம்புவது? யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறான். சிக்ஸ்டனைப் பார்த்தார். சிக்ஸ்டன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றவாளிதான் ரொட்டியைப் பார்ப்பான். இல்லை, பசித்தவனும் பார்ப்பான். முடிவு செய்ய முடியவில்லை.

ஃபாபியன் நின்றபடியே பேசினார். "ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கணும். நாங்க உங்க கற்பனைய முழுசா நம்புறோம். அதனாலதான் சோதிச்சுப் பாக்க வர்றோம். நம்பிக்கை இல்லாத எடத்துக்கு நாங்க போறதே இல்ல. உங்க மனசு சுதந்திரமா இருக்கணும். அது எந்தப் பக்கம் சுதந்திரமா இருக்கணும்னு சொல்லிக்கொடுக்கத்தான் நான் இருக்கேன். வெளையாடுங்க, வெளையாடுங்க, நான் இல்லேன்னு நெனச்சுக்கங்க."

"அது முடியும்" என்றார் அல்கோத்.

விளையாடினார்கள். கிரேல்ஸ் பாலத்தின் இந்தப் பக்கம், பூதம் அந்தப் பக்கம். ஒரு நல்ல அடி விழுந்தால் பூதம் ஆற்றுக்குள் போய்விடும். அல்கோத் பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்க ஆரம்பித்தார். குன்வோர் விருந்தாளிக்குக் காப்பி ஊற்றினாள்.

ஃபாபியனுக்கு முகம் மலர்ந்தது. "எங்க அம்மா வழி ஆளுங்க இந்தப் பக்கம்தான். பட்டணத்துல இருந்தா என்ன, எனக்கும் பழைய பழக்கம்தான்" என்று காப்பியைச் சாசரில் ஊற்றினார். இந்தப் பக்கத்துக் கிழவர்கள் குடிக்கிறபடி குடித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கை நீட்டினார். சர்க்கரைக் கிண்ணம் நிறையக் கட்டிகளோடு பக்கத்திலேயே இருந்தது. அவர் கரண்டியின் ஓரத்திலிருந்த கட்டியை எடுத்தார். முன்பல்லில் கவ்வினார். சாசரைத் தூக்கிக் கட்டியின் வழியாகக் காப்பியைச் சர்ரென்று உறிஞ்சினார்.

பகடை அல்கோத்தின் கையிலேயே நின்றது.

"துப்பு" என்றார்.

ஃபாபியன் கட்டியைப் பல்லில் வைத்துக்கொண்டே, "ன்ன?" என்றார்.

"துப்புடா. வாய்ல இருக்கறது கிரேல்ஸ்."

நறுக்கென்று ஒரு சத்தம். ஃபாபியன் விழுங்கிவிட்டார்.

"கொன்னுட்டான்! குன்வோர், நீ பாத்தல்ல? கொன்னுட்டான்!"

"சர்க்கரைதான சாப்பிட்டேன்" என்றார் ஃபாபியன். உதட்டில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

"கிண்ணம் நெறைய இருக்கு. அத விட்டுட்டு இவன எதுக்கு எடுத்தே?"

"எது கிட்ட இருந்துச்சோ அத எடுத்தேன்."

"கிண்ணம்தான் கிட்ட இருந்துச்சு. உன் முழங்கைல இடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

குன்வோர் அவசரமாக இன்னொரு கட்டியை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். "இதோ, கிரேல்ஸ் வந்துட்டான். உருட்டுப்பா."

"அது வேற கட்டி. வேற ஆளு."

சிக்ஸ்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருவேள கிரேல்ஸ் உள்ளயும் ஏதாவது பாலத்துல நிக்கலாம் அல்கோத். வயித்துக்குள்ள என்ன எழவெல்லாம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஃபாபியன் மெதுவாகச் சாசரைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. ஒரு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றி எந்தக் குற்றமும் கிடைக்காமல் பச்சைக் காலுறை தேய்ந்துபோன மனிதர். "அப்ப இந்தக் கரண்டி?" என்றார். "இந்தக் கடுகு?" குன்வோர் கடுகுக் குழாயை எடுத்து ஏப்ரனில் ஒளித்தாள். அதுவே வாக்குமூலம் ஆகிவிட்டது.

பொருள் சார்பு என்று அவர் அறிக்கை எழுதினார். ஒரு வாரத்தில் தீர்மானம் வந்தது. அல்கோத் கூட்டமைப்பின் ஆட்சிக்குழு முன்னால் வந்து நிற்க வேண்டும். கிரேல்ஸ் உயிரோடு இருக்கிறானா என்பதையும், அல்கோத்துக்கு வியாழக்கிழமை நாற்காலி உண்டா என்பதையும் குழு முடிவு செய்யும். அதுவரைக்கும் அவர் அந்த அறைக்குள் கால் வைத்தால் அறையே பூட்டப்படும். அந்த வியாழக்கிழமை குன்வோர் சூப்பைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அல்கோத் சமையலறையில் தனியாக நின்றபடியே குடித்தார். கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

சிக்ஸ்டன்தான் தன் வண்டியில் கடற்கரைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனான். போட்டுக்கொடுத்தவன் தானே கூட்டிக்கொண்டு போகிறானே என்று அல்கோத் வழி முழுக்க யோசித்தார்.

அலுவலகத்தில் வரிசைச் சீட்டு எடுக்க ஒரு மெஷின். கூடத்தில் வேறு ஈ காக்கை இல்லை. சீட்டு எடுத்தார், காத்திருந்தார். மெஷின் தனக்குத் தோன்றியபோது அவர் எண்ணைக் கூப்பிட்டது. பூட்ஸைக் கழற்றினார். கட்டைவிரல் காலுறைக்கு வெளியே வந்து அலுவலகத்தைப் பார்த்தது.

உள்ளே பெரிய மேஜை. மேல் ஒன்றுமே இல்லை. துடைத்துத் துடைத்து மினுங்கியது. பேனா இருந்தால்கூட அது ஈட்டிக்குப் பதிலாக நின்றுவிடுமாம். செயலாளர் தொடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினார். காப்பிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் ஆளுக்கொன்று கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபாபியன் ஓரத்தில். நடுவில் தலைவி சிசேலா, கழுத்தில் மரத்துண்டு மாலை.

"வா அல்கோத், உக்காரு" என்றாள். இந்த நாட்டில் ராஜாவைத் தவிர எல்லோரையும் கூப்பிடுவது 'நீ' என்றுதான். "இங்க யாரும் ஒசந்தவங்க இல்ல, தாழ்ந்தவங்க இல்ல. எல்லாரும் ஒரே மேஜையச் சுத்தி உக்காந்திருக்கோம். தீர்ப்பு சொல்றது மட்டும்தான் நாங்க."

"அவன் செத்தானா இல்லியா? அத மட்டும் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"படிப்படியாப் போவோம். முதல் கேள்வி, அந்தச் சர்க்கரைக் கட்டிதான் கிரேல்ஸா? இல்ல. எந்தப் பொருளும் எதுக்குப் பதிலாவும் நிக்க முடியாது. இது எங்க அடிப்படைக் கொள்கை. ஆகவே ஃபாபியன் சாப்பிட்டது வெறும் சர்க்கரை. அவர்மேல தப்பு இல்ல."

செயலாளர் எழுதினார். அல்கோத்துக்கு நெஞ்சு லேசானது. "அப்ப உயிரோட இருக்கான். சரி, நான் கெளம்பறேன்" என்று எழுந்தார்.

"உக்காருப்பா. ரெண்டாவது கேள்வி. ஃபாபியன் கடிச்சப்போ நீ என்ன கத்துனே?"

"கொன்னுட்டான்னு கத்துனேன்."

"அப்படின்னா உன் கற்பனைல கிரேல்ஸ் செத்துட்டான். இங்க கற்பனைதான் சட்டம். ஆகவே கிரேல்ஸ் காலமாகிட்டான். யாரும் கொல்லல, ஆனா செத்தாச்சு. கொன்னவர் இல்லாத சாவு, எல்லாருக்கும் சமமான தீர்ப்பு. எனக்கே சந்தோஷமா இருக்கு."

அல்கோத் காலமெல்லாம் மரம் வாங்குகிற கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர். கட்டையை அளந்து காசு கொடுக்கும்போது பட்டையைக் கழித்துவிடுவார்கள். வண்டிக்குப் பாரம் அதிகம் என்று அபராதம் போடும்போது பட்டையைச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களும் திருடர்கள்தான். ஆனால் இத்தனை மலர்ந்த முகத்தோடு அவர்கள் திருடியதில்லை.

"இதுக்கு மேல?" என்றார்.

"மேல ஒரு வழி இருக்கு" என்றார் ஃபாபியன். "இங்க, எங்க முன்னாடி, எந்தப் பொருளும் இல்லாம, கிரேல்ஸ நீ கற்பனைல வரவழைக்கணும். அவன் எங்க நிக்கிறான்னு சொல்லணும். நாங்க மூணு பேரும் அதே எடத்துல பாக்கணும். பாத்துட்டா அவன் உயிரோட இருக்கான், உனக்கு நாற்காலி உண்டு. இல்லேன்னா ரெண்டும் கெடையாது."

"இதுவரைக்கும் யாராவது தேறியிருக்காங்களா?"

"கற்பனைல தேறியிருக்காங்க" என்றாள் சிசேலா. "கண்ண மூடிக்கோ."

"மாட்டேன். எதுக்க மூணு பேர் உக்காந்திருக்கீங்க, நான் கண்ண மூடுவேனா?"

மூடாமலே செய்யலாமா என்று வாக்கெடுத்தார்கள். செய்யலாம் என்றானது.

அல்கோத் மேஜையைப் பார்த்தார். மேஜையில் மேஜைதான் இருந்தது. கிரேல்ஸும் இல்லை, கிரேல்ஸின் நிழலும் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் ஏரிக்குள் போன லாரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? இல்லை என்று சொன்னால் வாசலில் தூக்குப் பாத்திரம், நின்றபடி குடிக்கிற சூப். மேஜையை விட்டுவிட்டு எதிரே இருந்த மூன்று முகங்களைப் பார்த்தார். முகங்களைச் சந்தேகப்படுவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. மூன்றும் கொஞ்சம் பயந்த முகங்கள். தனக்குத் தெரியாதது பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம்.

"உன் நாற்காலிக்குப் பின்னால நிக்கிறான்" என்றார் ஃபாபியனிடம்.

ஃபாபியன் சிரித்தார். ஆனால் திரும்பவில்லை.

"தாடில தண்ணி சொட்டுது" என்றார் அல்கோத், மர அளவு சொல்கிற குரலில். "அன்னைலேர்ந்து உன் வயித்துல இருந்திருக்கான். காப்பி நாத்தம் அடிக்குது. கோடாலி வெச்சிருக்கான். கூர் இருக்கான்னு கட்டவிரலாலத் தடவிப் பாக்கறான்." ஃபாபியனின் தோளுக்கு மேலே ஓர் இடத்தைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். "இருடா. அவசரப்படாத. பேசிக்கிட்டிருக்கோம்ல."

செயலாளரின் பேனா நின்றது. ஃபாபியனின் காதுகள் சிவந்தன. நாற்காலியை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தினார். பிறகு ஒரு சாண்.

"கழுத்துப் பக்கம் பாக்கறான்" என்றார் அல்கோத்.

"தாடி... ஈரத் தாடி" என்றாள் சிசேலா. "நான் பாக்கறேன். நல்லாத் தெரியுது."

"எனக்கும்" என்றார் செயலாளர் சட்டென்று.

"முதுகுல மூச்சு படுது" என்றார் ஃபாபியன். அவருக்குப் பின்னால் சன்னல் சரியாக மூடவில்லை.

அல்கோத்தும் ஒரு தடவை ஃபாபியனுக்குப் பின்னாலிருந்த மூலையைப் பார்த்துக்கொண்டார். அறையைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய் இருந்தது. வேறொன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் பார்த்தார்.

கூட்டமைப்பின் சரித்திரத்திலேயே பொதுக் கற்பனை ஒருமனதாக நிறைவேறியது அதுதான் முதல் தடவை. மூவரும் கை தட்டினார்கள், கோப்பை இருந்ததால் தொடைமேல். அல்கோத் தேறிவிட்டார் என்று எழுதி முத்திரை குத்தினார்கள். சிசேலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தன வருஷமா இதுக்காக ஒழச்சிருக்கோம்! கிரேல்ஸத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல. கிரேல்ஸ் நம்ம ஆட்சிக்குழுல நிரந்தர உறுப்பினரா இருக்கணும். வியாழக்கிழமை தோறும் கூட்டத்துக்கு வரட்டும். படகோட்டிங்க தரப்புலேர்ந்து நமக்கு ஆளே இல்ல."

"வியாழக்கிழமை அவனுக்கு எங்ககூட வேல இருக்கு" என்றார் அல்கோத்.

"ஒருத்தர் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க முடியாதே. அது கற்பனைக்கே விரோதம்."

"அவன் வரமாட்டான். எனக்குத் தெரியும், அவன் என் ஆளு."

ஃபாபியன் இப்போது தைரியமாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். குழாயைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். "இல்ல, அவர் சரின்னு தலையாட்டினார். நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றாள் சிசேலா.

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றார் செயலாளர்.

"பொய்யி! அவன் ஆடல அசையல!"

"பொதுக் கற்பனை, அல்கோத். மூணுக்கு ஒண்ணு."

"அவன ஏன் கேக்கல? அவன் ஓட்டு எங்க?"

"தன் சொந்த விஷயம்ங்கறதால அவர் ஒதுங்கிக்கிட்டார்" என்றாள் சிசேலா. "ரொம்பப் பண்பான மனுஷன்."

முத்திரை குத்திய சீட்டை மேஜையின் மறுபக்கத்திலிருந்து நீட்டினாள், ஆனால் விரலை எடுக்கவில்லை. அதில் அல்கோத்தின் நாற்காலி இருந்தது. இன்னும் வாதாடினால் விரல் சீட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்தது. சூப்பை நினைத்தார். குன்வோர் 'உக்காருப்பா' என்று சொல்வதை நினைத்தார். ஒருவேளை அவர் கண்ணுக்கும் அப்போது மூலையில் ஏதாவது தெரிந்ததோ என்னவோ, அதை யாரிடமும் சொல்லவில்லை. சீட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. அவன நான் வளத்தேன். அவன் யாரையும் நம்பமாட்டான். கோடாலியக் கீழ வைக்கமாட்டான். தூங்கவும் மாட்டான். பாத்து உக்காருங்க."

வெளியே வண்டியில் சிக்ஸ்டன் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான். "என்ன ஆச்சு பெருசு?"

"எனக்கு எடம் கெடச்சுது. கிரேல்ஸுக்கு உத்தியோகம் கெடச்சுது."

"உத்தியோகமா? சம்பளம் உண்டா?"

"ஓட்டுடா. உன் வாயத்தான் முதல்ல தின்னிருக்கணும் அந்த ஃபாபியன்."

அப்புறம் நடந்ததாகச் சொல்கிறவற்றை அல்கோத் நம்பவில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் கொண்டுவந்தவன் சிக்ஸ்டன். ஆட்சிக்குழுவில் இப்போது நான்கு கோப்பை காப்பி ஊற்றுகிறார்களாம். மூலைக்கு முதுகு காட்டி உட்கார யாரும் இசையாததால் மூன்று நாற்காலியும் ஒரே சுவரோரம் போய்விட்டனவாம், ஆட்சிக்குழு பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறதாம். தலைவி எதைச் சொன்னாலும் கிரேல்ஸ் தலையாட்டுகிறானாம். அதனால் ஃபாபியனின் ஓட்டுக்கு மதிப்பில்லாமல் போய், அவர் சதுரங்கக் கூட்டமைப்புக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம். கிரேல்ஸ் தலையாட்டுகிற விஷயத்தை மட்டும் அல்கோத் திரும்பத் திரும்ப விசாரித்தார்.

வியாழக்கிழமை வந்தது. அல்கோத் பூட்ஸிலிருந்து பனியை உதறிக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். குன்வோர் சூப்பை ஊற்றினாள், அவருக்கு மட்டும் அடியிலிருந்து கறித்துண்டாகப் பார்த்து. சாப்பிட்டு முடித்ததும் சிக்ஸ்டன் மேஜையைத் துடைத்தான். குன்வோர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"காடு. குளிரு. தூரத்துல ஓநாய் ஊளை கேக்குது. சிக்ஸ்டனோட மந்திரவாதி ஒரு ஒடஞ்ச வண்டிகிட்ட நிக்கிறான். அல்கோத், நீ இப்ப யாரு?"

"ஒரு ஆளு."

"பேரு?"

"பேரு கெடையாது. பேரு வெச்சா கமிட்டில சேத்துக்குவாங்க."

"பேரில்லாதவன எப்படிக் கூப்பிடறது?" என்றான் சிக்ஸ்டன்.

"நீ கூப்பிடாத. தேவைன்னா அவனே வருவான்."

குன்வோருக்கு உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "சரிப்பா. ஓநாய் கெளம்பி வருது. உன் ஆளு எங்க நிக்கிறான்னு சொல்லு, அப்பத்தான நான் கதைய நடத்த முடியும்?"

அல்கோத் மேஜையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு, எங்கோ மரங்களுக்கு நடுவே ஓர் இடத்தைக் கண்ணைச் சுருக்கிக் கூர்ந்து பார்த்தார். அவர் அப்படி ஒன்றைப் பார்த்து அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பிறகு குன்வோரைப் பார்த்தார், சிக்ஸ்டனைப் பார்த்தார், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"அத நான் எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?" என்றார்.